அப்பாவின் குரலில் பேசியவன்

லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனி ஒன்றில் புகார் எடுப்பது அவள் வேலை. காதில் ஹெட்போன், எதிரே கம்ப்யூட்டர், பக்கத்தில் ஆறிப்போன டீ. கதவு மூட மாட்டேன் என்கிறது, நடுவழியில் நின்றுவிட்டது, மூன்றை அழுத்தினால் ஐந்துக்குப் போகிறது என்று சுற்றுவட்டாரத்தில் உள்ள அத்தனை லிஃப்ட்டின் நோய்நொடியும் முதலில் அவள் காதுக்குத்தான் வந்து சேரும். கத்துகிறவர்களைக் கத்த விடுவாள். அவர்கள் மூச்சு வாங்க நிறுத்துகிற இடம் பார்த்து, "சொல்லுங்க சார், எத்தனாவது மாடி?" என்று நுழைவாள். பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிடும். அலுவலகத்தில் எல்லாருக்கும் அவள் 'புகார் அக்கா'. அவளைவிட வயதில் மூத்த முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுவார்.

வீட்டில் அவளுக்கு மேல் ஒரு மேனேஜர் இருந்தான். இருபத்திரண்டு வயது மகன். அவனுக்குப் பேச வராது. காது நன்றாகக் கேட்கும், சொன்னது புரியும், சொல்லாமல் விட்டது அதைவிட நன்றாகப் புரியும். மூளையிலிருந்து வாய்க்கு வருகிற வழியில் எங்கோ தடை என்று டாக்டர்கள் சொன்னார்கள். கைகளும் நினைத்தபடி வளையாது. ஆனால் ஒரு சின்னக் கட்டத்தைக் குறி பார்த்து ஆள்காட்டி விரலால் அழுத்த வரும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு அவனுடைய அப்பா அவனைப் பேச வைத்துவிட்டார்.

அப்பாவுக்குப் போட்டோ கடை. பாஸ்போர்ட் அளவுப் படம் எடுத்துக் கொடுப்பது, பழைய படங்களை லேமினேட் செய்வது, அவ்வளவுதான். படத்தைத் தொட்டால் பேசுகிற ஒரு செயலி இருப்பதாக யாரோ கடைக்கு வந்தவர் சொல்லக் கேட்டு, ஒரு டேப்லெட் வாங்கி வந்தார். அதில் வந்த படங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. "இது யார் வீட்டு டம்ளரு? நம்ம வீட்டு டம்ளர் இப்படியா இருக்கு?" என்று கேமராவை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினார். நெளிந்த எவர்சில்வர் டம்ளர், பெயிண்ட் உரிந்த பாத்ரூம் கதவு, அவனுடைய நீலச் சட்டை, எதிர்வீட்டு நாய், எல்லாவற்றையும் படம் எடுத்துக் கட்டங்களில் வைத்தார். ஒவ்வொன்றுக்கும் தன் குரலிலேயே பேசிப் பதிவு செய்தார்.

அந்தக் குரல்தான் விஷயம். 'வேண்டாம்' என்ற ஒரே சொல்லை மூன்று கட்டங்களில் மூன்று விதமாகச் சொல்லி வைத்திருந்தார். ஒன்று தணிவாக, ஒன்று கறாராக, மூன்றாவது "வேண்டாம்னா வேண்டாம், காது கேக்கலையா?" என்று. 'தண்ணி'க்குப் பின்னால் தெருவில் போன ஒரு ஸ்கூட்டரின் ஹாரன் பதிவாகியிருந்தது. அவன் தண்ணீர் கேட்கும்போதெல்லாம் ஹாரனும் சேர்ந்து அடிக்கும். 'அம்மா, போனை வை, போதும்' என்று ஒரு கட்டம். 'டீவியப் போடுங்கப்பா, மேனேஜர் சொல்றாரு' என்று ஒரு கட்டம். அதிலிருந்துதான் அவனுக்கு அந்தப் பட்டம் வந்தது. நாளாக நாளாகக் கட்டங்களைக் கோத்து அவன் நக்கலும் அடிக்க ஆரம்பித்தான். சித்தப்பா வீட்டுக்கு வந்தால் 'எதிர்வீட்டு நாய்' கட்டத்தையும் 'வந்தாச்சு' கட்டத்தையும் அடுத்தடுத்து அழுத்திவிட்டு உடம்பு குலுங்கச் சிரிப்பான். டேப்லெட்டைக் கயிறு போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் பகலில் பராமரிப்பு மையத்துக்குப் போவான். அங்கே ஆசிரியைகளையும் அதட்டுவான்.

வீட்டில் கம்ப்யூட்டர், போன் சம்பந்தப்பட்ட எல்லாமே அவர் பொறுப்பு. அவளுக்கு ஆர்வம் இல்லாமல் இல்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், "நாள் பூரா ஆபீஸ்ல அதைத்தானே கட்டிட்டு அழற, இங்கயும் எதுக்கு மண்டையை உடைச்சுக்கற? நான் பாத்துக்கறேன்" என்பார். அவளும் நிம்மதியாக விட்டுவிட்டாள்.

ஒரு காலைப்பொழுது கடையைத் திறக்கும்போது ஷட்டரைப் பாதி தூக்கிய நிலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், அப்புறம் எழுந்திருக்கவில்லை.

மகனுக்குச் சொன்னார்கள். அவனுக்குப் புரிந்தது. அவர் உடலைத் தொட்டுப் பார்த்தான். ஆனாலும் மறுநாளிலிருந்து ஒரு கட்டத்தை அழுத்த ஆரம்பித்தான். கடையிலிருந்து அவர் வரத் தாமதமானால் கேட்பதற்காக அவரே பதிந்து வைத்த கட்டம் அது. "அப்பா எங்க?" என்று அவர் குரல் கேட்கும். செத்துப்போன மனிதன் தன்னைத் தானே தேடுவது போல அந்தக் குரல் சமையலறை வரை வந்து அவளைத் தொடும். கொழுந்தன் அதைக் கேட்டுவிட்டு, "அண்ணி, அந்தக் கட்டத்தை எடுத்துருங்க. உங்களுக்கும் நல்லதில்ல, அவனுக்கும் நல்லதில்ல" என்றான்.

"அவன் பேச்சை நான் எப்படி எடுக்கறது, தம்பி?" என்றாள் அவள். எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் அவன் அதைக் கேள்வியாகக் கேட்பதை விட்டுவிட்டான். சும்மா இருக்கும்போது ஒருதரம் அழுத்திக் கேட்டுக்கொள்வான், அவ்வளவுதான். அவளும் கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொள்வாள்.

கணவரின் போன்தான் அவளுக்குத் தாளவில்லை. கடை மூடியது தெரியாமல் ஆட்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். படம் ரெடியா, ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா, அண்ணன் இல்லையா? ஒவ்வொருத்தருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. சொன்னதும் அவர்கள் உச்சுக்கொட்டுவார்கள், எப்படி, எப்போது என்று கேட்பார்கள். அதற்கும் சொல்ல வேண்டும். நாள் முழுக்க அந்நியர்களின் புகாரைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து இதையும் சொல்ல அவளிடம் தெம்பு இல்லை. போனில் இருந்ததை அழித்துக் கொழுந்தனிடம் கொடுத்தாள். நம்பரை ரீசார்ஜ் செய்யாமல் அப்படியே விட்டுவிட்டாள். சில மாதங்களில் அது செத்துப்போனது.

அந்த வருஷம்தான் அலுவலகத்தில் புது சிஸ்டம் வந்தது. முன்பெல்லாம் புகாரை அவள் கேட்டபடி தட்டச்சு செய்வாள்: 'நாலாம் மாடி, கதவு இடுக்கில் ஏதோ சிக்கியிருக்கிறது, வீட்டில் வயதானவர் இருக்கிறார், சீக்கிரம் போகவும்.' புது சிஸ்டத்தில் எழுதவே இடமில்லை. வாடிக்கையாளர் எண்ணைப் போட வேண்டும், பிறகு பட்டியலிலிருந்து ஒரு வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எண் இல்லையென்றால் அடுத்த பக்கம் திறக்காது. ஒருநாள் லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்ட பெண் ஒருத்தி உள்ளேயிருந்தே கூப்பிட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் வாடிக்கையாளர் எண் என்ன என்று கேட்க இவளுக்கு வாய் வரவில்லை. ஹெட்போனை ஒரு காதில் வைத்துக்கொண்டே தன் சொந்த போனிலிருந்து மெக்கானிக்கைக் கூப்பிட்டு அனுப்பிவைத்தாள். பெண் வெளியே வந்தாள். சிஸ்டத்தில் பதிவாகாத புகாருக்கு மெக்கானிக் போனது எப்படி என்று மறுநாள் முதலாளி கூப்பிட்டு விசாரித்தார்.

"ஆள் உள்ள மாட்டியிருந்தாங்க சார்."

"தெரியுது புகார் அக்கா. ஆனா சிஸ்டத்துல இல்லையே. சிஸ்டத்துல இல்லாதது நடக்கவே இல்லைன்னுதான் மேலிடத்துல எடுத்துப்பாங்க."

அவள் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற பையன் பக்கத்தில் வந்து, "விடுங்கக்கா" என்று பிஸ்கட்டை நீட்டினான். அவனுக்கு அலுவலகம் வைத்த பெயர் 'ரீஸ்டார்ட்'. எது கெட்டாலும் முதலில் அணைத்துப் போடச் சொல்வான். முக்கால்வாசி நேரம் அதிலேயே சரியாகியும் விடும். நல்ல பையன், யாரிடமும் முகம் சுளிக்க மாட்டான்.

இப்படியிருக்கையில் வீட்டில் மேனேஜரின் டேப்லெட்டில் ஒரு அறிவிப்பு வர ஆரம்பித்தது. புதிய பதிப்பு தயாராக இருக்கிறது, இப்போது நிறுவலாமா, பிறகு நிறுவலாமா என்று. அவள் 'பிறகு' என்பதை அழுத்துவாள். மறுநாள் மறுபடி வரும். வந்து நிற்கிற இடம்தான் தொந்தரவு. திரையின் அடிப்பகுதியை மறைத்துக்கொண்டு நிற்கும். பாத்ரூம் கதவு படம் இருந்தது அங்கேதான். அவனுக்கு அவசரமாக இருக்கும்போது அந்தக் கதவைக் காணவில்லை. அவன் அறிவிப்பின் மேலேயே குத்துவான், ஒன்றும் பேசாது, அதற்குள் சட்டை நனைந்துவிடும். இருபத்திரண்டு வயது ஆண்பிள்ளை. வெட்கப்பட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான். ஒரே வாரத்தில் இரண்டாவது தடவையாக அது நடந்த அன்று, அவனைத் துடைத்து உடை மாற்றிவிட்டு அவள் கோபத்தோடு 'சரி' என்பதை அழுத்தினாள்.

டேப்லெட் அணைந்து மறுபடி ஒளிர்ந்தது. கட்டங்கள் வரவில்லை. கணக்கில் மீண்டும் நுழையவும் என்றது. கணவரின் மெயில் முகவரி மேலே இருந்தது, கீழே பாஸ்வேர்ட் கேட்டது. அவளுக்குத் தெரியாது. மகனின் பெயர், பிறந்த வருஷம், கடையின் பெயர் என்று தோன்றியதையெல்லாம் போட்டுப் பார்த்தாள். எல்லாம் தப்பு. 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா?' என்று கேட்டது. ஆமாம் என்றாள். உங்கள் போனுக்குக் குறியீடு அனுப்பியிருக்கிறோம் என்றது. காட்டிய கடைசி எண்களை அவள் இரண்டு தடவை படித்தாள். அது அவள் சாகவிட்ட நம்பர்.

மகன் பக்கத்தில் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தான். "இருடா ராஜா, சரி பண்ணித் தரேன்" என்றாள்.

மறுநாள் டேப்லெட்டை அலுவலகத்துக்குக் கொண்டுபோய் ரீஸ்டார்ட்டிடம் கொடுத்தாள். அவன் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு உட்கார்ந்தான். அணைத்துப் போட்டான். கேபிளில் கம்ப்யூட்டரோடு மாட்டினான். தனக்குத் தெரிந்த யார் யாரையோ கேட்டான். கடைசியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"அக்கா, ஒரே வழிதான் தெரியுது. முழுசா அழிச்சுட்டு புதுசு மாதிரி போட்டுரலாம். ஒருவேளை லாகின் கேக்காம விட்டாலும் விட்டுரும்."

"அழிச்சா அதுல இருக்கறது போயிருமே, தம்பி?"

"எங்கக்கா போகும்? எல்லாம் சாரோட இன்டர்நெட் கணக்குல மேல ஏறியிருக்கும். இப்பல்லாம் எதுவும் கருவியில இருக்கறதில்ல. என்னைக்கு நுழையறோமோ அன்னைக்கு அப்படியே இறங்கிரும்."

மகன் காலையிலிருந்து தொண்டையால் மட்டும் ஒலி எழுப்பிக்கொண்டிருக்கிறான் என்று மையத்திலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது. "சரி, அழிச்சுரு" என்றாள்.

அழித்தான். புது டேப்லெட் மாதிரி பளிச்சென்று வந்தது. மூன்றாவது திரையில் மறுபடி அதே மெயில் முகவரி, அதே பாஸ்வேர்ட்.

அதன்பிறகு உதவி மையம். அங்கே மனிதர்கள் யாரும் இல்லை. ஒரு பெட்டியில் எழுதினால் ஏதோ ஒன்று பதில் சொல்லும். 'என் கணவர் இறந்துவிட்டார், அவருடைய கணக்கில் என் மகனுடைய பேச்சு இருக்கிறது' என்று அவள் எழுதினாள். 'உங்கள் பேச்சு அமைப்புகளை மாற்ற விரும்புகிறீர்களா?' என்று அது கேட்டது. இல்லை என்று எழுதினாள். 'உங்களுக்கு உதவியதில் மகிழ்ச்சி' என்றது. அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினால், நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள், சைக்கிள் உள்ள படங்களைத் தேர்ந்தெடுங்கள் என்றது. அவள் கண்ணாடியைத் தேடுவதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன் விரலை நீட்டி, டக் டக்கென்று சரியான படங்களைத் தொட்டுவிட்டான். அவனுக்குப் படம்தானே மொழி. நுழைய விட்டது. அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். தன் கட்டங்கள் இப்போது வரும் என்று காத்திருந்தான். வந்தது அதே பெட்டி.

"நான் ஒரு ஆளையாவது எழுப்பி அனுப்பியிருப்பேன்" என்று அவள் திரையைப் பார்த்துச் சொன்னாள். "உள்ள ஆள் மாட்டியிருக்குன்னு சொன்னா, நான் அனுப்பியிருப்பேன்."

நம்பருக்கே போன் போட்டுப் பாருங்கள் என்று யோசனை சொன்னவன் கொழுந்தன். விட்ட நம்பரை வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்கள், குறியீடு அவருக்குத்தான் போகும், கேட்டு வாங்கிவிடலாம் என்றான். அவள் போட்டாள். ஒரு ஆண் எடுத்தார்.

"சார், ஒரு உதவி. இப்ப உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும். அதை மட்டும் எனக்குச் சொன்னீங்கன்னா…"

"ஓடிபியா?"

"ஆமா சார்."

"ஏம்மா, உங்களுக்கெல்லாம் வேற வேலையே இல்லையா? கிளட்ச்சை மிதிங்க, கிளட்ச்சை, உங்களை இல்லம்மா. போன மாசம்தான் எங்க அத்தை இப்படி ஒரு பொம்பளை பேச்சை நம்பி மோசம் போனாங்க. வைங்க போனை."

வைத்துவிட்டார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் என்பது மட்டும் புரிந்தது. அவரைக் குறை சொல்ல அவளுக்கு வழியில்லை. யார் கேட்டாலும் சொல்லாதீர்கள் என்று அவளே தன் அக்காவுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். மறுநாள் மறுபடி கூப்பிட்டாள். மகனைப் பற்றிச் சொன்னாள். "கதை நல்லா இருக்கும்மா" என்று சொல்லி வைத்துவிட்டார். இரண்டு நாள் விட்டு வேறு போனிலிருந்து கூப்பிட்டாள். குரலைக் கேட்டதும் அவர் வெடிக்கப் போனார். பல வருஷமாக ஹெட்போனில் கோபக்காரர்களைக் கேட்ட பழக்கம். அவர் மூச்சு வாங்குகிற இடத்தில் அவள் நுழைந்தாள்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அப்புறம் கூப்பிடவே மாட்டேன். இந்த நம்பர் வந்ததுலருந்து உங்களை யாராவது போட்டோ ரெடியான்னு கேட்டாங்களா?"

எதிர்ப்பக்கம் இன்ஜின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"வண்டிய ஓரமா நிறுத்துங்க" என்று யாரிடமோ சொன்னார். பிறகு, "தினமும் ரெண்டு பேராவது கேக்கறாங்கம்மா. பாஸ்போர்ட் போட்டோ இருக்கா, லேமினேஷன் இருக்கான்னு. யாருடா அந்த ஆளுன்னு திட்டாத நாளில்ல. அவரா உங்க வீட்டுக்காரரு?"

"ஆமா சார்."

"ஐயையோ. எப்பம்மா தவறினாரு?"

சொன்னாள். மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் உச்சுக்கொட்டினார். பிறகு குறியீட்டை ஒவ்வொரு எண்ணாக, இரண்டிரண்டு தடவை படித்துச் சொன்னார். கடைசியில், "தம்பி பேசினதும் எனக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கம்மா. நான் கேக்கணும்" என்றார்.

கணக்கு திறந்தது. ரீஸ்டார்ட் விடுமுறை நாளென்றும் பார்க்காமல் வீட்டுக்கே வந்திருந்தான். கொழுந்தனும் இருந்தான். எல்லாரும் கட்டிலைச் சுற்றி நிற்க, டேப்லெட்டில் ஒவ்வொரு கட்டமாக இறங்கியது. நெளிந்த டம்ளர். நீலச் சட்டை. எதிர்வீட்டு நாய். பாத்ரூம் கதவு. மகன் கைகளை உதறிக்கொண்டு துள்ளினான். அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "பாத்தீங்களாக்கா, நான் சொல்லல?" என்றான் ரீஸ்டார்ட்.

மகன் விரலை நீட்டி டம்ளரை அழுத்தினான்.

"தண்ணீர்" என்றது டேப்லெட். ஒரு பெண் குரல். பஸ் நிலைய அறிவிப்பு மாதிரி, தெளிவாக, யாருக்கும் சொந்தமில்லாத குரல்.

அவன் கையை எடுத்தான். டேப்லெட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். மறுபடி முன்னால் திருப்பி அழுத்தினான். "தண்ணீர்." மூன்று 'வேண்டாம்' கட்டங்களையும் அழுத்தினான். மூன்றும் ஒரே மாதிரி "வேண்டாம்" என்றன. பிறகு அந்தக் கட்டத்தைத் தேடிப் போனான். "அப்பா எங்கே?" என்றாள் அந்தப் பெண். அவன் ஒலிபெருக்கி ஓட்டையில் உள்ளங்கையை வைத்து, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பது போல அழுத்திக்கொண்டு, மறு கையால் அதையே திரும்பத் திரும்பத் தட்டினான். "அப்பா எங்கே? அப்பா எங்கே? அப்பா எங்கே?"

ரீஸ்டார்ட் டேப்லெட்டை மெல்ல வாங்கி அமைப்புகளுக்குள் போனான். தேடினான்.

"அக்கா, சார் இங்க 'படங்கள் மட்டும்'னு டிக் பண்ணியிருக்காரு. குரல் மேல ஏறவே இல்ல."

அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு சாயங்காலம் அவர் டேப்லெட்டை வைத்துக்கொண்டு முணுமுணுத்தது. இடம் நிறைந்துவிட்டது, ஒன்று காசு கட்டு, இல்லையென்றால் எதையாவது குறை என்கிறான் என்றார். "குரல் டேப்லயே இருக்கு, அது எங்க போகப்போகுது?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சரி என்று அவளும் தலையாட்டியிருப்பாள்.

"அப்ப குரல் எல்லாம்?"

ரீஸ்டார்ட் டேப்லெட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டான். அழித்த கை அவன் கை. அழி என்ற வாய் அவள் வாய். யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிற்பாடு அவன் அதை எடுத்துக்கொண்டு, அழிந்ததை மீட்கிறவர்கள் என்று கேள்விப்பட்ட இடமெல்லாம் அலைந்தான். அழித்ததன் மேலேயே புதிதாக எழுதியாகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று எல்லா இடத்திலும் ஒரே பதில்தான். அதன்பிறகு அலுவலகத்தில் அவள் இருக்கும் பக்கம் வருவதையே அவன் குறைத்துக்கொண்டான்.

கொழுந்தனுக்கு அண்ணனின் சாடையிலேயே குரல். போனில் பேசினால் கடைக்கு வருகிறவர்களே ஏமாந்திருக்கிறார்கள். அவன் ஒரு யோசனை செய்தான். "அண்ணி, நான் பேசிப் பதியறேன். அண்ணன் எப்படிச் சொல்லுவான்னு எனக்குத் தெரியும்." இரண்டு நாள் உட்கார்ந்து, பக்கத்தில் அவளையும் வைத்துக்கொண்டு, இது சரியா, இன்னும் இழுக்கணுமா என்று கேட்டுக் கேட்டுப் பதிந்தான். கறாரான வேண்டாம், தணிவான வேண்டாம், எல்லாம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அவளுக்கே உடம்பு சிலிர்த்தது.

டேப்லெட்டை மகன் மடியில் வைத்தார்கள். அவன் சந்தேகத்தோடு ஒரு கட்டத்தைத் தொட்டான். "அம்மா, போனை வை, போதும்" என்றது. அவன் தலை சட்டென்று நிமிர்ந்தது. ஒரு நொடி முகம் மலர்ந்தது. பிறகு எதிரே ஆவலோடு குனிந்து உட்கார்ந்திருந்த சித்தப்பாவைப் பார்த்தான். இன்னொரு கட்டத்தைத் தொட்டான், மறுபடி பார்த்தான். மெதுவாகக் கையை நீட்டி, கோணலான அந்த விரல்களால் சித்தப்பாவின் வாயைப் பொத்தினான். அடிக்கவில்லை. பொத்திக்கொண்டே இருந்தான். கொழுந்தன் அப்படியே உட்கார்ந்தபடி அழுதான்.

அதோடு மகன் டேப்லெட்டைத் தொடுவதை விட்டுவிட்டான். மடியில் வைத்தால் கவிழ்த்து வைப்பான். அவள் தன் குரலில் பதிந்து பார்த்தாள். அதற்கும் அவன் விரல் நீளவில்லை. மையத்தில் அச்சடித்த அட்டைகளைக் காட்டினார்கள். வீட்டிலும் மாட்டி வைக்கச் சொன்னார்கள். பசித்தால் அவள் கையைப் பிடித்து இழுத்துச் சமையலறைக்குக் கொண்டுபோவான், அவசரம் என்றால் கால்களைத் தேய்ப்பான். இன்னதுதான் என்று அவள் ஊகிக்க வேண்டும். ஊகம் தப்பினால் தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொள்வான். நக்கல் போயிற்று. சித்தப்பா வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான். "முன்னெல்லாம் எங்களையே விரட்டுவான்ல" என்று ஒரு ஆசிரியை சொன்னாள். ஆறுதலாகத்தான் சொன்னாள்.

டிரைவிங் ஸ்கூல்காரர் ஒருநாள் அவரே கூப்பிட்டார். "தம்பி பேசறானாம்மா?"

"பேசறான் சார்" என்றாள் அவள். உண்மையைச் சொன்னால் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

அவள் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். வாடிக்கையாளர் எண் சொல்லுங்கள் என்று கேட்கப் பழகிவிட்டாள். எண் இல்லை என்பவர்களிடம், இல்லாமல் பதிய முடியாது சார் என்று சொல்லவும் பழகிவிட்டாள். முன்பு போல மூச்சு வாங்குகிற இடத்துக்குக் காத்திருப்பதில்லை.

மழை விட்ட ஒரு நாள் காலையில் மகனை எழுப்பப் போனபோது அவன் ஒரு பக்கக் கன்னம் வீங்கிப்போயிருந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. நாலைந்து நாளாகவே அவன் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டைத் தள்ளிவிட்டான், மணிக்கட்டைக் கடித்துக்கொண்டான். வழக்கமான அடம் என்று நினைத்து அவள் அதட்டக்கூடச் செய்திருந்தாள். அவனைக் கூட்டிக்கொண்டு பல் டாக்டரிடம் ஓடினாள். டாக்டர் ஒரு பெண். வாயைத் திறக்க வைக்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. உள்ளே பார்த்தவள் விளக்கைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒரு பல்லு மட்டும் இல்லம்மா, பக்கத்துப் பல்லு வரைக்கும் சீழ் கோத்துருக்கு. இவ்வளவு தூரம் வர்ற வரைக்கும் வலி உயிரைப் பிடுங்கியிருக்குமே. எத்தனை நாளா வலிக்குதுன்னு சொன்னாரு?"

அவள் மகனின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லல டாக்டர்" என்றாள்.

இரண்டு பற்களையும் எடுத்தார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவன் வாயில் பஞ்சைக் கவ்வியபடி அவள் தோளில் சாய்ந்திருந்தான். எச்சில் இரத்தத்தோடு அவள் ரவிக்கைக் கையில் ஊறியது. மரத்துப்போகப் போட்ட மருந்தின் வேகம் வீடு போவதற்குள் தணிய ஆரம்பிக்கும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தாள். வலித்தால் மாத்திரை கொடுக்கச் சொல்லியிருந்தாள். அவள் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள். கண்கள் திறந்திருந்தன. ஜன்னலுக்கு வெளியே கட்டடங்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வலிக்குதாடா?" என்று கேட்டாள்.

அவன் திரும்பவில்லை. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, பையிலிருந்து மாத்திரையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்தாள்.